கைக்கெட்டும் தூரம்: அந்தமானில் உதவுவோரும் உதவப்படுவோரும்

1996ஆம் ஆண்டு, நடு அந்தமானின் கதம்தலா ஊருக்கு அருகே, கால் எலும்பு முறிந்து கிடந்த ஒரு ஜாரவாப் பழங்குடிச் சிறுவனைச் செட்டிலர்கள் கண்டார்கள். வாழைத்தாரும் இரும்பும் தேடி இரவில் ஊருக்குள் வந்துபோகும் கூட்டத்தைச் சேர்ந்தவன். போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். எலும்பு கூடியது. வேளாவேளைக்குச் சாப்பாடு, உடுத்தத் துணி, பார்க்கத் தொலைக்காட்சி, பேசிப் பழகக் கொஞ்சம் இந்தி. குணமானதும் அவனுடைய மக்களிடமே கொண்டுபோய் விட்டார்கள். ஓராண்டு கழித்து, 1997 அக்டோபரில், ஒரு ஜாரவாக் குழு வில் அம்பு இல்லாமல், பட்டப்பகலில் கதம்தலாப் பக்கம் வந்து நின்றது. அழைத்து வந்தவன் அந்தச் சிறுவன்தான்.

வெள்ளைக்காரன் காலந்தொட்டு வெளியாரை அம்பெய்து தள்ளி வைத்திருந்த சமூகம் அது. அந்த மருத்துவமனை ஊழியர்களில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அடிபட்ட பிள்ளையைப் பார்க்க வேண்டிய விதத்தில் பார்த்தார்கள். ஆனாலும் அந்தக் கனிவு கட்டிலோடு நிற்கவில்லை. 1999இல் ஜாரவாக்களிடையே தட்டம்மை பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் பான்பராக்கும் புகையிலையும் காட்டுக்குள் போயின. காலைக் கட்டியது சரி. அதற்குமேல் எது வரைக்கும் போயிருக்கலாம், எங்கே நின்றிருக்க வேண்டும்? ஆலோசகர், செவிலியர், சமூகப் பணியாளர், நிவாரண ஊழியர் என்று மனிதருக்கு உதவுவதையே வேலையாகக் கொண்ட எல்லோரும் என்றாவது ஒருநாள் சந்திக்கும் கேள்வி இது. இந்தியாவில் இந்தக் கேள்விக்கு மிக நீண்ட, மிக வேதனையான பதிவு இருக்கும் இடம் அந்தமான் நிக்கோபார்.

அந்தப் பதிவு 1863இல் தொடங்குகிறது. பிரிட்டிஷாரின் கைதிக் குடியிருப்பு ஏற்பட்டு ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த ஜனவரியில் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த பிராட் என்பவரை அந்தமானியர் கொன்றார்கள். இருவரைப் பிடித்துச் சிறையில் அடைத்த பிறகுதான், பிராட் ஓர் அந்தமானியப் பெண்ணிடம் அத்துமீற முயன்றார் என்பது தெரிய வந்தது. பிடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பாதிரியார் ஹென்றி கார்பினிடம் போனது. அவர் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' ஒன்றை உருவாக்கினார். உணவு, உடை, ஆங்கிலப் பாடம், கைவேலை எல்லாம் உண்டு. வெளியே போகும் சுதந்திரம் மட்டும் இல்லை. நீந்தித் தப்பியவர்களும் உண்டு. கார்பினுக்குப் பின் பொறுப்பேற்ற ஹோம்ஃப்ரே இத்தகைய இல்லங்களைப் பல இடங்களுக்கு விரிவாக்கினார். அவற்றில் அந்தமானியரை அன்றாடம் கவனித்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர்கள் கைதிகள். சொந்த ஊரிலிருந்து கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்கள், குடும்பம் இல்லாதவர்கள், மேற்பார்வை இல்லாதவர்கள். அவர்கள் கையில்தான் அரிசியும் புகையிலையும் இருந்தன.

1876இல் அந்தமானியரிடையே மேகநோய் பரவியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டு தட்டம்மை. 1858இல் பெரும் அந்தமானியர் சுமார் 5,000 பேர் இருந்திருக்கலாம் என்பது பிற்கால மதிப்பீடு. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 2011இல் 44 பேர்.

இந்த அழிவைச் சண்டைக் கணக்கில் எழுதிவிட முடியாது. துப்பாக்கியால் செத்தவர்களைவிட, அடைக்கலம் என்று கட்டப்பட்ட கூரைக்குக் கீழே நோய் வாங்கிச் செத்தவர்கள் மிக அதிகம். 1879 முதல் அந்தமானியர் பொறுப்பில் இருந்த எம்.வி. போர்ட்மேன், 1899இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலில் தொடர்பின் தீமையை ஒளிக்காமல் எழுதினார். அதே போர்ட்மேன் 1880இல் வடக்கு சென்டினல் தீவில் இறங்கி ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து வந்தார். பெரியவர்கள் இருவரும் போர்ட் பிளேரில் நோயுற்று இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பினார்கள். நல்லெண்ணம் காட்டத்தான் பிடித்தார், நல்லெண்ணம் காட்டத்தான் பரிசு கொடுத்தார். எதிரே நின்ற மனிதருக்கு இதில் விருப்பமா என்ற கேள்விக்கு அவருடைய வேலைத்திட்டத்தில் இடமே இருக்கவில்லை.

விடுதலைக்குப் பின் சட்டம் வந்தது. 1956ஆம் ஆண்டின் ஆதிப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி, வெளியார் நுழையக் கூடாத நிலப்பரப்புகளை வரையறுத்தது. 1976இல் அந்தமான் ஆதிம் ஜன்ஜாதி விகாஸ் சமிதி என்ற அமைப்பு ஏற்பட்டது. தீவுகளில் சுருக்கமாகச் 'சமிதி' என்றாலே போதும். ஏறக்குறைய அதே காலத்தில் சின்ன அந்தமானில் காடெங்கும் நடமாடிய ஓங்கே மக்களுக்கு துகாங் கிரீக்கில் மரவீடுகள் கட்டி, தென்னந்தோப்பு வைத்து, ஓரிடத்தில் குடியமர்த்தினார்கள். 1901இல் 672 பேராக இருந்த ஓங்கேக்கள் 1971இல் 112 பேராகச் சுருங்கியிருந்தார்கள். எப்படியாவது காப்பாற்றியாக வேண்டும் என்ற பதற்றம் உண்மையானது.

அந்தக் குடியிருப்பில் சமிதி ஊழியரின் வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் அருகே போய்ப் பார்ப்பது நல்லது. அரிசி, பருப்பு, சர்க்கரை இருக்கும் கிடங்கின் சாவி அவரிடம். தோப்பில் வேலைக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்று பதிவேட்டில் குறிப்பவர் அவர். மருந்து வேண்டுமா, படகு வேண்டுமா, தீவின் துறைமுகமான ஹட் பேவுக்குப் போய்வர வேண்டுமா, அவரிடம்தான் கேட்க வேண்டும். மேலதிகாரி வந்தால் ஓங்கேக்களின் சார்பில் பேசுவதும் அவர்தான். ஒரே ஆள் கிடங்குக் காப்பாளர், மேஸ்திரி, மருத்துவ உதவியாளர், மொழிபெயர்ப்பாளர், அரசாங்கம். மாலையில் அதே ஆள் அவர்களோடு உட்கார்ந்து கதை பேசும் நண்பரும் ஆகிறார். அவர் நல்லவராக இருந்தாலும் சரி, கெட்டவராக இருந்தாலும் சரி, அவர் கேட்டால் 'இல்லை' என்று சொல்ல ஓர் ஓங்கேயால் முடியுமா? ஓங்கேக்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் விஸ்வஜித் பாண்டியா, இந்த நலத்திட்ட உறவு எப்படி அவர்களுடைய வாழ்வையே உருமாற்றியது என்று விரிவாக எழுதியிருக்கிறார். எல்லை என்று நாம் பேசுவதில் பாதி, ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை வேடம் போடலாம் என்ற கேள்விதான்.

ஜாரவாக்களுடன் 1974இல் முதல் நட்பான சந்திப்பு நடந்தது. அதன்பின் அரசு ஊழியர்கள் படகுகளில் தேங்காய், வாழைப்பழம், சிவப்புத் துணி ஏற்றிக்கொண்டு அவ்வப்போது மேற்குக் கரைக்குப் போய்வந்தார்கள். நாளடைவில் அந்தப் படகில் முக்கியப் பிரமுகர்களுக்கும் இடம் கிடைத்தது. ஆடையில்லாத ஜாரவாக்களோடு நின்று எடுத்த படங்கள் ஆல்பங்களில் ஏறின. உதவப் போன படகு பார்க்கப் போகும் படகாக மாறுவதற்கு அதிக நாள் பிடிக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான காட்சி 1991 ஜனவரி 4 அன்று வடக்கு சென்டினல் கரையோரம் நடந்தது. இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் மதுமாலா சட்டோபாத்யாய் இருந்த குழு, படகிலிருந்து தேங்காய்களை நீரில் மிதக்க விட்டது. சென்டினலியர் நீந்தி வந்து எடுத்தார்கள், பிறகு நெருங்கி வந்து கையிலிருந்தே வாங்கினார்கள். கரையிலிருந்து ஓர் இளைஞன் மதுமாலாவை நோக்கி வில்லை வளைத்தான். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவனைத் தள்ளிவிட, அம்பு குறி தவறியது. அடுத்த மாதப் பயணத்தில் மானிடவியலாளர் டி.என். பண்டிட் தண்ணீரில் குழுவைவிட்டுச் சற்று விலகி நின்றபோது, ஒரு சிறுவன் கத்தியைக் காட்டி வெட்டுவதுபோல் சைகை செய்தான். பண்டிட் அந்தக் கணமே பின்வாங்கினார். பல ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் அதைப் பேட்டிகளில் சொன்னார். சென்டினலியர் உணர்த்தியது இதுதான்: தேங்காய் வாங்குவோம், கழுத்தளவுத் தண்ணீர் வரைக்கும் விடுவோம், கரையேற விடமாட்டோம். இந்த எல்லையை வகுத்தவர்கள் உதவி பெற்றவர்கள். பண்டிட்டின் பெருமை அவர் தைரியமாக முன்னால் போனதில் இல்லை. சொன்னவுடன் திரும்பியதில் இருக்கிறது.

1990களின் நடுவில் அந்தப் பயணங்கள் நிறுத்தப்பட்டன. 2018 நவம்பரில் மதம் பரப்பச் சென்ற ஓர் அமெரிக்க இளைஞர் அங்கே உயிரிழந்தார். 2025 மார்ச்சில் இன்னொரு வெளிநாட்டவர் குளிர்பான டின்னைக் கரையில் வைத்துவிட்டு வந்து கைதானார். தான் கொண்டுபோவது அவர்களுக்குத் தேவை என்று இருவருமே தாமாக முடிவு செய்துகொண்டார்கள்.

மறுபடி ஜாரவாக்களுக்கு வருவோம். அவர்கள் வெளியே வரத் தொடங்கிய காலத்தில் கதம்தலாவில் பணியாற்றியவர் மருத்துவர் ரத்தன் சந்திர கர். அவர் அவர்களுடைய மொழியைக் கற்றார், வாழ்முறையைப் படித்தார், தட்டம்மையின்போது உடனிருந்து சிகிச்சை செய்தார். 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மருத்துவர் காட்டக்கூடிய நெருக்கம் இது: மொழி கற்பது, நோயைக் குணமாக்குவது, உயிரோடு காட்டுக்கு அனுப்பிவைப்பது. ஜாரவாக்களைக் குடியமர்த்த வேண்டும் என்று கோரி 1999இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு தொடுக்கப்பட்டது. அதன் நீண்ட விசாரணையின் விளைவாக, 2004 டிசம்பரில் ஜாரவாக் கொள்கை அறிவிக்கப்பட்டது. அவர்களுக்கு அதிகபட்சத் தன்னாட்சி, வெளியாரின் தலையீடு மிகக் குறைவாகவும் ஒழுங்குக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வற்புறுத்திக் குடியமர்த்தும் பேச்சே இல்லை. ஓங்கேக்களிடம் செய்ததிலிருந்து அரசு ஒரு பாடம் படித்திருந்தது.

ஆனால் கொள்கையின் நடுவே ஒரு சாலை ஓடுகிறது. அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு விடியுமுன்பே வாகனங்கள் வந்து வரிசை கட்டிவிடும். பயணிகள் பெயர், முகவரி எழுதிப் படிவம் கொடுக்கிறார்கள். பலகையில் விதிகள்: வண்டி நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, ஜாரவாக்களுக்கு எதையும் கொடுக்கக் கூடாது. போலீஸ் வண்டி முன்னும் பின்னும் வர, கான்வாய் காட்டுக்குள் நுழைகிறது. 2012 ஜனவரியில் இலண்டனின் அப்சர்வர் இதழ் ஒரு காணொளியை வெளியிட்டது. அதில் உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் குரல் கேட்டது. காவலர் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு உடந்தையாக இருந்தார் என்றது அந்தச் செய்தி. படம் பழையது என்று நிர்வாகத் தரப்பு வாதிட்டது. அது பழைய படமாகவே இருக்கட்டும், ஆடச் சொன்னது உண்மை. உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் சுற்றுலா வாகனங்களைத் தடுத்தது, மார்ச்சில் தடை விலகியது. 1956 ஒழுங்குவிதி 2012இல் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கூட்டப்பட்டன. 2014 தொடக்கத்தில், வேட்டைக்காரர்கள் மது கொடுத்துத் தங்கள் பெண்களைத் தொல்லைப்படுத்துவதாக ஒரு ஜாரவா ஆண் தாமே முன்வந்து சொன்ன செய்தி வெளியானது.

காவலுக்கு நின்றவர் மீதே புகார் எழுவது அந்தமானுக்கு மட்டும் உரிய அவலம் இல்லை. 2002இல் கினி, லைபீரியா, சியரா லியோன் அகதி முகாம்களில் உதவிப் பொருளுக்குப் பதிலாகச் சிறுமிகளிடம் பாலியல் சுரண்டல் நடந்ததை ஐ.நா. அகதிகள் ஆணையமும் சேவ் த சில்ட்ரன் அமைப்பும் சேர்ந்து நடத்திய விசாரணை வெளிக்கொண்டுவந்தது. சுரண்டியவர்களில் உதவி அமைப்புகளின் ஊழியர்களும் இருந்தார்கள். 2003இல் ஐ.நா. பொதுச் செயலர் வெளியிட்ட அறிவிக்கை, உதவி பெறுவோருடன் ஊழியர் பாலியல் உறவு கொள்வதைத் தவிர்க்கும்படி வலியுறுத்தி, பணத்துக்கோ வேலைக்கோ பொருளுக்கோ பதிலாக அப்படிக் கேட்பதை முற்றிலும் தடைசெய்தது. விதி வந்த பிறகும் ஹெய்ட்டியில் ஆக்ஸ்ஃபாம் ஊழியர்களின் நடத்தை 2018இல் உலகச் செய்தியானது. உதவி பெறுபவரின் சம்மதம் பசியின் நிழலில் கிடைக்கும் சம்மதம் என்பதை அந்த 2003 அறிவிக்கை தெளிவாக உணர்ந்திருந்தது. அந்த வகையில் அது நம் நாட்டு விதிமுறைகள் பலவற்றைவிட நேர்மையான ஆவணம்.

பொருள் கொடுப்பதிலும் இதே சிக்கல் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நிக்கோபார் தீவுகள் சிதைந்தன. ரப்பர் தோட்ட வேலைக்காக இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் வாழும் கட்சால் மிகக் கடுமையாக அடிபட்ட தீவுகளில் ஒன்று. நிக்கோபாரியரின் வாழ்வு 'துஹெத்' என்ற பெரிய கூட்டுக் குடும்பத்தைச் சுற்றி அமைந்தது. நிலமும் தோப்பும் பன்றியும் அதற்குப் பொது. தங்களுக்குக் கருவிகள் கொடுத்தால் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்வோம் என்று அவர்களுடைய தலைவர்கள் கேட்டார்கள். வந்ததோ தகரக் கொட்டகைகளும், தனித்தனிக் குடும்பத்துக்கு ரொக்கமும், பயன்படாத பொருள்களும். இந்த உதவிப் பெருக்கு எப்படி இரண்டாவது வெள்ளமாக மாறியது என்பதை நிக்கோபாரில் நீண்ட காலம் ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங் எழுதினார். 2014இல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது. கொடுப்பவருக்குத் திருப்தி தரும் அளவு ஒன்று, வாங்குபவருக்குத் தாங்கும் அளவு வேறொன்று.

சுனாமிக்குப் பிந்தைய அதே நாள்களில் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனக் குழு போர்ட் பிளேர் முகாம்களுக்கு வந்தது. ஒடிசாப் புயல், குஜராத் நிலநடுக்கம் ஆகியவற்றில் அந்த நிறுவனத்தின் கே. சேகர் போன்றவர்கள் வளர்த்தெடுத்த முறை, ஊர்க்காரர்களையே பயிற்றுவித்து மனத்துயரில் இருப்போருக்குத் துணைநிற்கச் செய்வது. வெளியிலிருந்து வந்த நிபுணர் சில வாரத்தில் ஊர் திரும்பிவிடுவார்; ஊர் ஆசிரியையும் அங்கன்வாடிப் பணியாளரும் அங்கேயே இருப்பார்கள். இதன் பலம் வெளிப்படையாகத் தெரியும். பலவீனமும் இருக்கிறது. தன் வீடும் போன ஒருத்தி, வீடு போன இன்னொருத்தியின் அழுகையைக் கேட்க வேண்டும். எங்கே அவள் துயரம் முடிகிறது, எங்கே தன்னுடையது தொடங்குகிறது? உலக சுகாதார நிறுவனம் 2011இல் களப்பணியாளருக்கு வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்லும் விலக்குகள் மிக எளியவை: பொய் வாக்குறுதி தராதீர்கள், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாதீர்கள், உதவிக்காகப் பணமோ சலுகையோ கேட்காதீர்கள், பேச விரும்பாதவரைப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சொந்தத் தேவைகளைக் கவனித்துக்கொள்வதையும் அந்தக் கையேடு பணியின் பகுதியாகவே வைக்கிறது.

துகாங் கிரீக்கில் அப்போது செவிலியராக இருந்தவர் சாந்தி தெரசா லக்ரா. ரங்கத்தில் பிறந்தவர். சுனாமி குடியிருப்பை அழித்தது. ஓங்கேக்கள் முன்கூட்டியே மேட்டுக்கு ஏறித் தப்பினார்கள். லக்ரா அவர்களோடு காட்டில் கூடாரத்தில் தங்கி வேலை பார்த்தார். 2011இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தப் பெண்மணியின் உழைப்பை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும் விதம் ஒரு தவறான அளவுகோலை உருவாக்கிவிடுகிறது. தூக்கம், குடும்பம், விடுமுறை எல்லாவற்றையும் விட்டவர்தான் உண்மையான சேவகர் என்றாகிவிட்டால், எட்டு மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் செவிலியர் குற்றவாளியாகத் தெரிவார். நிர்வாகத்துக்கும் அது வசதி. ஒரு தியாகி இருக்கும் இடத்தில் இரண்டாவது ஆளை நியமிக்க யாரும் அவசரப்படுவதில்லை.

நியூயார்க்கில் இலவச மருத்துவ மையத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் 'பர்ன்அவுட்' பற்றி எழுதியபோது, அவர் கவனித்தது சோம்பேறிகளை அல்ல. மிக ஆர்வமாக வந்த தன்னார்வலர்கள்தான் ஓராண்டு வாக்கில் எரிச்சலும் வெறுமையுமாக மாறினார்கள். அந்தமானில் தூரத் தீவுப் பணியிடத்துக்கு இது இன்னும் பொருந்தும். கப்பல் எப்போது வரும் என்பதே கடல் கொந்தளிப்பைப் பொறுத்தது. கைபேசிப் பேச்சு சிக்னல் இருந்தால் உண்டு. டி.ஆர்.எம். என்று தீவுகளில் சொல்லப்படும் தினக்கூலி ஊழியருக்கு வேலை நிரந்தரமில்லை, பயிற்சி இல்லை, மனத்தில் உள்ளதைச் சொல்ல மேற்பார்வையாளரும் பக்கத்தில் இல்லை. அப்படித் தனித்து விடப்பட்டவர் வரம்பு தாண்டுவது அவருடைய ஒழுக்கக் குறைவால் மட்டும் நடப்பதில்லை. தன் தனிமைக்கு மருந்தாக உதவி பெறுபவரையே பற்றிக்கொள்கிறார்.

தீவுகளின் நகர்ப்புறத்தில் இந்தப் பிரச்சினைக்கு வேறு முகம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், இந்தியாவின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 12.4, அந்தமான் நிக்கோபாரில் 42.8. மனநல ஆலோசனையின் தேவை இதைவிட வெளிச்சமாகத் தெரிய முடியாது. ஆனால் போர்ட் பிளேர், இன்றைய ஸ்ரீ விஜயபுரம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர். பகலில் ஆலோசனைக்கு வந்தவரை மாலையில் அபர்தீன் பஜாரில் மீன் வாங்கும்போது பார்ப்பார் ஆலோசகர். வந்தவரின் தம்பி ஆலோசகரின் மகனுக்கு வகுப்பாசிரியராக இருப்பார். முருகன் கோயில் திருவிழாவில் பக்கத்தில் நிற்பார்கள், கேம்ப்பெல் பே கப்பலில் எதிர் பங்க்கில் படுப்பார்கள். பெருநகரப் பாடநூல் சொல்வதுபோல் 'வெளியே உறவு வேண்டாம்' என்று இங்கே நடந்துகொள்ள முடியாது.

முடிவது என்னவென்றால், முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுவது. “வெளியே பார்த்தால் நானாக உங்களிடம் வந்து பேசமாட்டேன், நீங்கள் பேசினால் பேசுவேன், ஆனால் இங்கே சொன்னதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் வராது.” கைமாற்றுப் பணம் கேட்டால் கொடுப்பதில்லை, வாங்குவதும் இல்லை. சொந்த மொபைல் எண்ணுக்குப் பதிலாக மைய எண். இரவில் நெருக்கடி என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண். சென்னையில் 1986இல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா போன்ற தற்கொலைத் தடுப்பு மையங்கள் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. அழைப்பவர் மையத்தை அழைக்கிறார், ஒரு தனி மனிதரை அல்ல. அந்தத் தனி மனிதருக்குக் காய்ச்சல் வந்தாலும் மறுமுனையில் யாராவது இருப்பார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் வீடுகளில் சொல்வது பெரும்பாலும் பணத்தைப் பற்றித்தான். துயரத்துக்கும் அது பொருந்தும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நம் ஊர்களில் உதவி என்பதே உறவின் வழியாகத்தான் நடக்கிறது. அக்கா, அண்ணன் என்று கூப்பிடாமல் யார் மனம் திறப்பார்கள்? தேநீர் கொடுத்தால் மறுப்பது அவமானப்படுத்துவது ஆகாதா? மொழியியலாளர் அன்விதா அப்பி 2005 முதல் பெரும் அந்தமானியரிடம் செய்த வேலையைப் பார்த்தால் இந்த மறுப்பின் எடை புரியும். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியருக்கு அந்த மொழியில் பேச உலகில் வேறு எவரும் இல்லை. பறவைகளோடு பேசுவார் என்று அப்பி பதிவு செய்திருக்கிறார். 2010 ஜனவரியில் போவா சீனியர் இறக்கும்வரை அவர்களிடையே இருந்தது வெறும் ஆய்வாளர், தகவலாளி உறவு என்று சொல்ல முடியாது. அந்தப் பாசம் இல்லாமல் அந்த மொழியின் பதிவு நமக்குக் கிடைத்தே இருக்காது.

ஆகவே பாசத்தைத் தடுப்பது எல்லையின் வேலையாக இருக்க முடியாது. தேநீரைக் குடிக்கலாம், சாவி, பதிவேடு, பரிந்துரைக் கடிதம் ஆகியவை கையில் இருக்கும்போது தங்கச் சங்கிலியை வாங்க முடியாது. அக்கா என்று கூப்பிடலாம். அந்த அக்கா கேட்டதால்தான் நோயாளி மறுக்க முடியாமல் தலையாட்டுகிறார் என்றால் அங்கே நிறுத்த வேண்டும். சந்தேகம் வந்தால் யாருக்கு இழப்பதற்கு அதிகம் இருக்கிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

2020 ஆகஸ்டில் பெரும் அந்தமானியர் 10 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. ஐம்பது அறுபது பேர் மட்டுமே உள்ள சமூகத்தில் 10 பேர். நல்லவேளையாக அவர்கள் மீண்டார்கள். அந்த மாதங்களில் பழங்குடிப் பகுதிகளுக்குள் போகும் ஊழியருக்குச் சோதனையும் தனிமைப்படுத்தலும் கட்டாயமாயின. ஜாரவா ரிசர்வுக்குள் நோய் பரவாமல் காத்ததில் இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கவனித்தால், இங்கே எல்லை உதவப் போகிறவர் மீது சுமத்தப்பட்டிருந்தது. இதற்கு முந்தைய விதிகளில் பெரும்பாலானவை வெளியார் எங்கே நுழையக்கூடாது என்றோ, சுற்றுலாப் பயணி என்ன செய்யக்கூடாது என்றோதான் பேசின. உள்ளே அன்றாடம் போய்வரும் ஊழியர் என்ன செய்யலாம், யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது ஓரத்திலேயே கிடந்தது.

சட்டத்தில் கதவுகள் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை உரிமையாக்குகிறது. அவர் சம்மதம் இல்லாமல் படத்தை ஊடகத்துக்குத் தருவதைத் தடுக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம், அங்கே வேலை செய்யாத பெண்ணுக்கும், எந்த வயதினருக்கும், புகார் செய்யும் உரிமை தருகிறது. மருத்துவமனைக்கு வந்த நோயாளியும், கிடங்குக்கு அரிசி வாங்க வந்த பெண்ணும் இதில் அடங்குவார்கள். புகாரை எழுத்தில் தர வேண்டும். எழுத முடியாதவருக்குப் புகாரை விசாரிக்கும் குழுவே எழுத உதவ வேண்டும். இந்த ஒரு வரியைத் தீவுகளில் செயல்படுத்த என்ன வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஜாரவா மொழியும் ஓங்கே மொழியும் தெரிந்த, ஆனால் சமிதியின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர். கதம்தலாவுக்கும் துகாங் கிரீக்குக்கும் குறித்த நாளில் அவர் போய்வரப் படகு. ஊழியர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பேச ஓர் இடம். தனியே பணியாற்றும் ஊழியருக்கும் அதே படகில் மாற்று ஆள், மாதம் ஒருமுறையாவது மனம்விட்டுப் பேச மூத்தவர் ஒருவர். இன்று ஜாரவா இளைஞர்கள் பலர் இந்தி பேசுகிறார்கள். எந்த ஊழியர் வரலாம், எவர் வரக்கூடாது என்று அவர்களிடமே கேட்க இனி மொழிகூடத் தடையில்லை.